எட்டு வெள்ளி வாஷர்

பயப்படாதீங்கண்ணா, நான் பாக்கறவனையெல்லாம் அடிக்கிற ஆள் இல்லை. செவ்வாய்ப்பேட்டைல யாரை வேணா கேட்டுப் பாருங்க, அர்த்தநாரி எப்பிடின்னு. கொலுசுப் பட்டறை வெச்சு இருபத்தேழு வருசமாச்சு, பதினொரு பேருக்குச் சோறு போடறேன், எவன் மேலயாவது கை வெச்சிருப்பேனா? வெச்சிருப்பேன். அது வேற. வேலைல தப்புப் பண்ணா ரெண்டு குடுக்கத்தான் வேணும். அதைப் போய் அடின்னு சொல்ல முடியாதுல்ல.

உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. பவானில இருந்து இவ்ளோ தூரம் பஸ்ஸுல வந்திருக்கீங்க, முதல்ல ஒரு வாய் டீ குடிங்க. பூங்கொடி! ரெண்டு டீ! சத்தமாக் கூப்பிடணும்ங்க. எம் பொண்டாட்டிக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. கல்யாணமான புதுசுல ஒரு தடவை கை பட்டுருச்சு. அது ஆச்சு, விடுங்க. ஏ பூங்கொடி!

இதான் வண்டி. அறுபத்திரண்டாம் வருசத்துப் புல்லட்டு. நல்லாப் பாருங்க, தொட்டே பாருங்க. பெயிண்ட்டு மட்டும் நாலு கோட்டு. உங்களைக் கூப்பிட்டது ரெண்டு காரியத்துக்கு. வண்டி ஏன் இப்பிடி ஆடுதுன்னு பாக்கணும், அது ஒண்ணு. இன்னொண்ணு, மாதையன் இன்ஜின் வேலையை ஒழுங்காப் பண்ணலை, அதனாலதான் ஆடுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். வியாழக்கிழமை எனக்குக் கோர்ட்டுல வாய்தா. வக்கீல் சொல்லிட்டாரு, "அர்த்தநாரி, பேர் சொல்லக்கூடிய மெக்கானிக் ஒருத்தர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா, மத்ததை நான் பாத்துக்கறேன். இல்லாட்டி நீ உள்ள போறதை ஆண்டவனாலயும் தடுக்க முடியாது"ன்னு.

மாதையன் யாருன்னு கேக்கறீங்களா? மேச்சேரிக்காரன். உங்களுக்கு முன்னாடி இதே ஸ்டூல்ல உக்காந்து இந்த வண்டிக்கு வேலை பாத்தவன். அவன் வலது கையை நான் உடைச்சுட்டேன்.

ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்கண்ணா. முழுசாக் கேளுங்க, கேட்டா நீங்களே "நீ உடைச்சது சரிதான்"னு சொல்லுவீங்க. கேட்டுக்கிட்டே வேலையப் பாருங்க. ஸ்டார்ட் பண்ணணுமா? பண்ணுங்க, பண்ணுங்க. பெட்ரோல் இருக்கு.

ம்ம். பாத்தீங்களா? நின்ன எடத்துலயே எப்பிடி ஆடுது பாருங்க. ஆஃப் பண்ணிருங்க, எனக்கு அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது.

இந்த வண்டி யாரு வண்டி தெரியுமா? எங்கப்பனுக்குச் சம்பளம் குடுத்த ரத்தினவேலு வண்டி. எங்கப்பன் அவருகிட்ட வெள்ளிக்கம்பி இழுக்கற வேலை. ஆனா காலைல பட்டறைக்குப் போனதும் முதல் வேலை வண்டி தொடைக்கறது. ஒரு நாள் தொடைக்கிற துணில ஏதோ கம்பித் துணுக்கு ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, டேங்க்குல கீறல் விழுந்துருச்சு. இத்துணூண்டு கீறல். ரத்தினவேலு எங்கப்பனைத் தெருவுல தள்ளி உதைச்சாரு. இடுப்புலயே ஏறி உதைச்சாரு. எனக்கு எட்டு வயசு, தூக்குப்போசியில சோறு கொண்டுக்கிட்டுப் போயிருந்தேன். எங்கப்பன் எந்திரிச்சாரு, வேட்டியை உதறிக் கட்டுனாரு, கீழ கெடந்த துணியை எடுத்து மறுபடி வண்டியத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு ரத்தினவேலு மேலகூட அவ்ளோ கோவம் வரலைங்க. எங்கப்பன் மேலதான் வந்துச்சு.

ரத்தினவேலு போய்ச் சேந்துட்டாரு. பசங்க இருந்ததையெல்லாம் அழிச்சானுங்க. வண்டி அவங்க கொல்லையில துருப்புடிச்சுக் கெடந்துச்சு, கோழி ஏறி உக்காந்துக்கும். போன வருசம் நான் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டாந்த உடனே என்ன பண்ணேன் தெரியுமா? செருப்புக் காலோட டேங்க்குல ஓங்கி ஒரு உதை விட்டேன். இந்தா, இந்த எடத்துல அமுங்கிப் போச்சு. அப்புறம் டிங்கரிங் பண்ணி எடுத்தோம், இப்பத் தெரியாது.

மாதையன் வந்து இன்ஜினை அக்கு வேறா ஆணி வேறாப் பிரிச்சுப் போட்டான். நாலு மாசம். கனெக்டிங் ராடு புதுசு, பிஸ்டன் புதுசு, பேரிங்கெல்லாம் புதுசு. கிராங்கை லேத்துல ஏத்தி, கோணல் எடுத்து, ரெண்டு நாள் கூடவே நின்னு கொண்டாந்தான். வேலை பாக்கறப்ப ஒரு வார்த்தை பேச மாட்டான். பீடி கெடையாது, தண்ணி கெடையாது. அப்பவே எனக்கு அவன் மேல ஒரு சந்தேகம்தான். மனுசன்னா ஏதாவது ஒரு பழக்கம் இருக்கும்ல?

ஆனா ஒப்படைச்ச அன்னைக்கு நல்லாத்தான் ஓடுச்சு. பொய் சொல்லக் கூடாது. ஓமலூர் வரைக்கும் போயிட்டு வந்தேன், ஹேண்டில்ல கை வெச்சா தூங்கற குழந்தை முதுகுல கை வெச்ச மாதிரி இருந்துச்சு.

ஞாயித்துக்கெழமை வண்டிக்குப் பூஜை. எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. எங்கப்பனை உதைச்சவன் வண்டியில எங்க வீட்டு வெள்ளி ஏறணும். ரத்தினவேலு கோடி கோடியாச் சம்பாரிச்சும் அவருக்குத் தோணாதது எனக்குத் தோணுச்சு பாருங்க. இன்ஜினைப் பிரேமோட சேத்துப் புடிச்சு நிறுத்தற பவுண்டேஷன் போல்ட்டு இருக்குல்ல, அதுக்கு மாட்டற வாஷரை அளவெடுத்து, எட்டு வாஷர் எங்கையால அடிச்சேன். நயம் வெள்ளிங்க. கொலுசு வெள்ளி இல்லை. கொலுசுக்குச் செம்பு கலக்கணும், கலக்காமப் போட்டா பொம்பளைங்க நாலு நாள் நடந்ததும் நசுங்கிப் போயிரும். இது கலப்படமே இல்லாதது. பல்லுல கடிச்சாத் தடம் விழும், அவ்ளோ சுத்தம். நெருப்புல காய்ச்சி எடுத்து, மெருகு போட்டு, அதுல இருந்த இரும்பு வாஷரையெல்லாம் கழட்டிச் சாக்கடையில வீசிட்டு நானே மாட்டுனேன். இந்தாங்க, குனிஞ்சு பாருங்க, இப்பவும் அதான் இருக்கு.

பூஜைக்கு மாதையன் வந்தான். தேங்கா ஒடைக்கறதுக்கு முன்னாடியே குனிஞ்சு பாத்துட்டான். "மொதலாளி, இதுக்கு வெள்ளி வேண்டாங்க, பழைய வாஷரே இருக்கட்டும்"னான். நாலு பேரு நிக்கறாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. "ஏன்டா, பட்டறைக்காரன் வீட்டு வெள்ளி உனக்கு எளக்காரமாப் போச்சா?"ன்னேன். தேங்காய எடுத்து எங்கைல குடுத்துட்டு ஒதுங்கிட்டான். வயித்தெரிச்சல்ங்க. இரும்பைத் தொட்டே பொழைக்கறவன், வண்டியில வெள்ளியப் பாத்ததும் தாங்கலை. அன்னைக்குத்தான் கண்ணு வெச்சான்.

மறுநாள்ல இருந்து ஆட ஆரம்பிச்சுது.

ஆட்டம்னா சும்மா இல்லை. நாப்பதைத் தாண்டுனா பல்லு கடகடன்னு அடிக்கும். கண்ணாடியில பின்னாடி வர்ற லாரி மூணாத் தெரியும். நம்பர் பிளேட்டு கழண்டு ரோட்டுல விழுந்துச்சு. பத்து நிமிசம் ஓட்டிட்டு எறங்குனா ரெண்டு கையும் மரத்துப் போயி, சட்டைப் பித்தானை அவுக்க முடியாது, பூங்கொடிதான் அவுத்து விடணும்.

மாதையனை வரச் சொன்னேன். வந்தான். கிளட்ச்சைப் புடிச்சு உருட்டி விட்டுப் பாத்தான், சக்கரத்துல இல்லைன்னான். திருப்புளி முனைய இன்ஜின்ல ஊனி, கட்டையக் காதுல வெச்சுக் கேட்டான், பேரிங்குல இல்லைன்னான். அப்புறம் போல்ட்டை டைட் பண்ணான். அஞ்சு கிலோமீட்டர் தேவலாம்னு ஓடுச்சு. மறுபடி ஆடுச்சு. மறுபடி வந்து டைட் பண்ணான், மறுபடி அஞ்சு கிலோமீட்டர். இதுலயே தெரியுதுல்ல, அவன் வேணும்னே ஏதோ வெச்சு வெச்சு எடுக்கறான்னு?

எந்தப் போல்ட்டுன்னா? இதே பவுண்டேஷன் போல்ட்டுதான். அதுக்கென்ன இப்போ?

"கிராங்குல கோணல் இருக்கு, பிரிடா"ன்னேன். "இல்லைங்க மொதலாளி, கிராங்கு சுத்தமா இருக்கு, நான் வேற ஒண்ணு சொல்றேன் கேக்கறீங்களா"ன்னான். "நீ என்னடா எனக்குச் சொல்றது, பிரி"ன்னேன். பிரிச்சான். கிராங்கு நேராத்தான் இருந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அப்பப் பிஸ்டன்னேன். புதுப் பிஸ்டனையும் பழைய பிஸ்டனையும் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி வெள்ளித் தராசுல வெச்சேன். பதினோரு கிராம் வித்தியாசம்! எங்க தொழில்ல பதினோரு கிராம் விட்டா அவனை உசிரோட விட மாட்டோம். வந்த வேகத்துல விட்டேன் ஒரு அறை. "பழசு தேஞ்சது மொதலாளி, புதுசு கொஞ்சம் பெரிய சைஸு, இவ்ளோ வித்தியாசம் ஒண்ணும் பண்ணாதுங்க"ன்னு கன்னத்தைப் புடிச்சுக்கிட்டே சொன்னான். அடி வாங்கிட்டும் வாயி பாருங்க.

இன்ஜின் எறக்கறப்பல்லாம் எட்டு வாஷரையும் நான் எண்ணி வாங்கி, எடை போட்டு, மறுபடி எடை போட்டுத்தான் குடுப்பேன். எடைல ஒரு மில்லி குறையலை. பொய் சொல்லக் கூடாது. ஆனா மெலிசாயி, அகலமாப் பரவியிருந்துச்சு. சரி, மெருகு போனாப் போகுதுன்னு ஒரு தட்டுத் தட்டி, பழைய அளவுக்குக் கொண்டாந்து குடுத்தேன்.

அப்புறம் ஒரு நாள் டைமிங்குதான், பொறி விழுற நேரம்தான் கோளாறுன்னு எனக்கே பட்டுச்சு. அவன் வர்றதுக்குள்ள நானே மூடியைக் கழட்டி, பாயிண்ட் தட்டைக் கொஞ்சம் திருப்பி வெச்சுட்டு ஒரு கிக்கு அடிச்சேன். கிக்கரு எதிர்த்து அடிச்சுது பாருங்க, கழுதை உதைச்ச மாதிரி! ஆளைத் தூக்கிச் செவுத்துல எறிஞ்சுருச்சு. முழங்காலுக்குக் கீழ சதை கிழிஞ்சு எலும்பு வெள்ளையாத் தெரிஞ்சுது. மாதையன் அப்பத்தான் உள்ள வந்தான், ஓடியாந்து தூக்குனான். தூக்கறவனையே ஒரு அறை விட்டேன். அப்ப எனக்கு வலிங்க, கைக்கு எட்டுன ஆள் அவன்தான். அவன் கோவிச்சுக்கவே இல்லை. துணியக் கிழிச்சுக் கால்ல கட்டி விட்டான்.

டீ எடுத்துக்குங்க. பூங்கொடி, இவரு பவானி மெக்கானிக்கு, சென்னியப்பன். வணக்கம் சொல்லிட்டுப் போ. பேச மாட்டா, இப்ப ரெண்டு மாசமா எங்கிட்டயும் பேசறதில்லை.

இதெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேங்க. சங்கத்து ஊர்வலத்துல நடந்ததைத்தான் பொறுக்க முடியலை. வெள்ளி வியாபாரிங்க சங்கம், ஆண்டு விழா. மாலையைப் போட்டுக்கிட்டு இந்த வண்டியில நான்தான் முன்னாடி போகணும்னு கேட்டு வாங்கியிருந்தேன். எந்தத் தெருவுல தெரியுமா? எங்கப்பன் உதை வாங்குன தெருவுல. எனக்கு முன்னாடி பேண்டு வாத்தியம் மட்டும்தான், ரெண்டு பக்கமும் ஜனம். முன்ன போன பேண்டுக்காரங்களுக்கும் எனக்கும் பத்தடி இருக்கும். பிரேக்கு புடிக்கணும்னு நெனைக்கறேன், கை நெனைக்க மாட்டேங்குது. மரத்துப் போச்சு. ஹெட்லைட்டுக் கண்ணாடி கழண்டு என் காலடியிலயே உடையுது. போய் அந்தப் பெரிய மேளத்துல இடிச்சு, மேளக்காரன் மேல நான், என் மேல வண்டி. ஜனம் சிரிச்ச சிரிப்பு இருக்கே! ரத்தினவேலு மகன் மாடியில நின்னு கை தட்டறான். எந்திரிச்ச உடனே சிரிச்சவன் ஒருத்தன் மூக்கைப் பாத்து விட்டேன் குத்து. ரத்தமாக் கொட்டுது. அப்புறம் பாத்தா எங்க சின்ன மாமனாரு.

அந்த நிமிசமே முடிவு பண்ணிட்டேன், மாதையன் என்னை அவமானப்படுத்தணும்னே பண்றான்னு. ரத்தினவேலு மகன்கூட அவன் ஏதோ பேசி வெச்சிருக்கான்னு. சாட்சி இருக்கான்னா? எதுக்குங்க சாட்சி, எனக்குத் தெரியாதா?

ரெண்டு நாள் கழிச்சு, செவ்வாய்க்கெழமை. நான் பேங்க்குக்குப் போயிட்டேன். சாயந்தரம்தான் வருவேன்னு சொல்லிட்டுப் போயி, மத்தியானமே திரும்பிட்டேன். ஷெட்டுக்குள்ள ஏதோ சத்தம். எட்டிப் பாத்தா மாதையன், நான் கூப்பிடாமலேயே வந்து, வண்டிக்கடியில ஒருக்களிச்சுப் படுத்திருக்கான். சட்டைப் பாக்கெட்டுல பளிச்சுனு ஒண்ணு தெரியுது.

அண்ணா, எங்க பட்டறை எப்பிடின்னு உங்களுக்குத் தெரியாது. வேலை முடிஞ்சு போறவன் தொட்டியில கை கழுவிட்டுத்தான் வெளிய போகணும். அந்தத் தண்ணியக்கூட நாங்க கொட்ட மாட்டோம், அடியில படியற சேத்துல வெள்ளி இருக்கும். தரையக் கூட்டுன குப்பையக்கூட எரிச்சு வெள்ளி எடுப்போம். பாக்கெட்டு வெச்ச சட்டை போட்டுக்கிட்டு எவனும் எங்க பட்டறைப் படியேற முடியாது. பொறந்ததுல இருந்து இதைப் பாத்தவன் நான். இன்னொருத்தன் பாக்கெட்டுல வெள்ளியப் பாத்தா எனக்கு வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாதுங்க.

"மொதலாளி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு உங்களுக்குச் சொல்லலாம்னுதான்..."ன்னு வாயெடுத்தான். முடிக்க விடலை. செவுத்தோரமா எங்க பட்டறைச் சுத்தியல் இருந்துச்சு. போல்ட்டு மேல அவன் வலது கை இருந்துச்சு. அந்த மணிக்கட்டு மேலயே போட்டேன். சத்தம் வந்துச்சு. வெறகு முறியற மாதிரின்னு சொல்லுவாங்க, அப்பிடியெல்லாம் இல்லை, மெதுவாத்தான் வந்துச்சு. கையை இழுத்துக்கப் பாத்தான், மறுபடி போட்டேன். விரல் மேல. எத்தனைன்னு கேக்காதீங்க, போலீஸ்காரனும் அதையேதான் கேட்டான். அவன் கத்தவே இல்லைங்க. அதான் எனக்கு இன்னும் வெறியேத்துச்சு. கத்தித் தொலைடான்னு நான்தான் கத்துனேன். பூங்கொடி ஓடியாந்து அவன் மேல விழுந்தா, அவளைப் புடிச்சுத் தள்ளுனதுல அவளுக்கும் நெத்தியில நாலு தையல்.

பாக்கெட்டுல ஆறு வெள்ளி வாஷர். ரெண்டு இன்னும் வண்டியிலயே இருக்கு, அதுக்குள்ள நான் வந்துட்டேன். இடது கையை இறுக்கி மூடியிருந்தான். பிரிச்சுப் பாத்தா ரெண்டு இரும்பு வாஷர். மீதி ஆறு இரும்பை ஏற்கெனவே மாட்டி முடிச்சுட்டான்! பாத்தீங்களா சாமர்த்தியத்தை? வெள்ளிய எடுத்துக்கிட்டு அந்த எடத்துல இரும்பை வெச்சு ஏமாத்தப் பாத்திருக்கான். அப்பவும் என்ன சொல்றான்? தரையில கெடந்துக்கிட்டு, "பாக்கெட்டுல பத்திரமா இருக்குங்க மொதலாளி, எண்ணிப் பாத்துக்குங்க"ங்கறான். மாட்டிக்கிட்டா எவனும் அதைத்தான் சொல்லுவான்.

பூங்கொடிதான் ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. போலீசு வர்றதுக்குள்ள நான் இரும்பையெல்லாம் கழட்டிட்டு வெள்ளிய மாட்டிட்டேன். என் வண்டி, என் வெள்ளி. அவன் மேல திருட்டுக்கு நானும் எழுதிக் குடுத்திருக்கேன். அவனுக்கு மூணு விரல் இனி மடங்காதாம். ஸ்பேனர் புடிக்க முடியாதுங்கறாங்க. பூங்கொடி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மேச்சேரிக்குப் போயி அவன் பொண்டாட்டியப் பாத்துட்டு வர்றா. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கா.

என்னங்க, மறுபடி ஸ்டார்ட் பண்ணிட்டு என்ன பண்றீங்க? ஓ. ஒரே விரலை இன்ஜின்லயும் பிரேம்லயும் சேத்து வெச்சு, ரெண்டும் ஒண்ணாத்தான் ஆடுதா, தனித்தனியா ஆடுதான்னு பாக்கறீங்க. மாதையனும் இதே மாதிரி வெச்சுப் பாப்பான். இருங்க, நானும் வெக்கறேன். ஆமா. இன்ஜின் ஒரு பக்கம் போவுது, பிரேம் ஒரு பக்கம் போவுது. அப்ப கிராங்குதானே?

கிராங்கு இல்லையா? டைமிங்கும் இல்லையா? என்ன, போல்ட்டு பிடிமானமே இல்லையா? நேத்துத்தான் என் பலத்தையெல்லாம் போட்டு டைட் பண்ணேன்!

வாஷரை மாத்தணும்னா? வெள்ளி நசுங்குதுன்னா? ஏங்க, எனக்கே வெள்ளியப் பத்திச் சொல்ல வந்துட்டீங்களா? எங்கப்பன் காலத்துல இருந்து... சரி, சரி. கத்தலை. மாத்துங்க. உங்க பெட்டில இரும்பு வாஷர் இருக்கா? மாத்துங்க. ஆனா கழட்டறதை ஒவ்வொண்ணா எங்கைல குடுங்க. ஒண்ணு. ரெண்டு. நான் எண்ணிக்கிட்டிருக்கேன், நீங்க தப்பா நெனைக்காதீங்க, பழக்கம். அஞ்சு. என்னங்க இது, காகிதம் மாதிரி ஆயிருச்சு. எட்டு. சரியா இருக்கு.

சாவியக் குடுங்க. நானே ஓட்டிப் பாக்கறேன். அஞ்சு கிலோமீட்டர் தாண்டட்டும், அப்பத் தெரியும் உங்க வண்டவாளம். வர்ற வரைக்கும் எங்கயும் போயிராதீங்க.

வந்துட்டேங்க.

ஓமலூர் தாண்டிப் போயிட்டேன். போக இருபது கிலோமீட்டர், வர இருபது. ஓடட்டும், ஆஃப் பண்ணாதீங்க. இன்னும் கொஞ்சம் ஓடட்டும். சூடு ஏறுனா ஆடும்.

ஆடலைங்க.

அறுபதுல போனேன். எழுபதுல போனேன். பின்னாடி வந்த லாரி ஒரே லாரியாத் தெரிஞ்சுது. ஒரு தடவை ஆடித் தொலையேன்னு கெஞ்சிக்கிட்டே போனேன். குழி பாத்து எறக்குனேன். ஆடலை. ஓமலூர்ல டீக்கடைக்காரன் "நல்லாப் பண்ணியிருக்காங்க, யாருங்க மெக்கானிக்கு?"ன்னு கேட்டான். எனக்கு வாயில பேரு வரலை.

இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்லையா அண்ணா? நிசமாவா? அவன் பண்ணதுல ஒண்ணுகூடத் தப்பு இல்லையா? கொஞ்சம் நல்லாப் பாருங்க. ஒரு நட்டு, ஒரு ஆணி, ஏதாவது ஒண்ணு இருக்கும். இருக்கணும்ங்க.

சரி, இப்பிடிப் பண்ணுங்க. இந்த எட்டையும் மறுபடி மாட்டிருங்க. வியாழக்கிழமை வரைக்கும் வண்டி ஆடட்டும். நீங்க வந்தப்ப ஆடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? அதை எழுதுங்க, போதும். அது பொய் இல்லையே? வண்டி ஆடுனாத்தாங்க அவன் திருடன். ஆடலைன்னா நான் யாருங்க அப்போ? அவன் கையில மூணு விரல், அதுக்கு நான் யாருகிட்ட போயி என்ன சொல்றது?

ஏன் பையக் கட்டறீங்க? அண்ணா, நில்லுங்க.

பூங்கொடி, நீ எதுக்கு இங்க வந்து நிக்கறே? கையில என்னடி அது? பேப்பரும் பேனாவும் உன்னை எவன் கேட்டான்? என்ன சொன்னே? சத்தமாச் சொல்லு. "பாத்ததை எழுதிக் குடுங்கண்ணா, நான் கோர்ட்டுக்குக் கொண்டு போறேன்"னா? ரெண்டு மாசமாப் பேசாத வாயி இவருகிட்ட இதைத்தான் பேசுதா?

அண்ணா, அதை அவகிட்ட வாங்காதீங்க. சொல்றேன்ல, வாங்காதீங்க. உக்காந்து எழுத ஆரம்பிச்சுட்டீங்களா? அந்த இன்ஜினை ஆஃப் பண்ணுங்க முதல்ல. எதுக்கு ரெண்டு பேரும் இப்பிடிப் பாக்கறீங்க? கையிலயா? இது உங்க பெட்டில இருந்த ஸ்பேனருங்க. எப்ப எடுத்தேன்னு எனக்கே தெரியலை.